பீங்கான் ஊரின் தூசியும் இன்ஜின் எண்ணெயின் ஆயுளும்

விருத்தாசலத்தில் லோடு வண்டி வைத்துப் பிழைப்பவர்களிடம், இன்ஜின் ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டால், ஐயாயிரம் என்பார் ஒருவர். பத்தாயிரம் வரை தாங்கும் என்பார் இன்னொருவர். கம்பெனிப் புத்தகத்தில் அதற்கும் மேலே போட்டிருக்கிறது என்பார், அண்மையில் புதிய வண்டி எடுத்த மூன்றாமவர். மூவரும் தத்தம் அனுபவத்தில் கண்டதையே சொல்லுகிறார்கள். மூவர் வாக்கிலும் உண்மையின் ஓர் அம்சம் உண்டு. ஆயினும், கிலோமீட்டர் என்பது சக்கரம் கடந்த தூரத்தின் அளவேயன்றி, அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் எண்ணெய் பட்ட பாட்டின் அளவு அன்று. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு வண்டிகள், ஒன்று சென்னை நெடுஞ்சாலையிலும் மற்றொன்று களிமண் கிடங்கின் வாசலிலும் உழைக்குமானால், மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும்போதும் அவற்றின் சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில், கிடக்கும் எண்ணெய்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற நிலையில் இருக்கும். இந்த வித்தியாசத்தின் காரணங்களை ஆராய்வதற்கு விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அகப்படுவது அரிது.

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த இந்தப் புராதன க்ஷேத்திரம், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அண்மையிலுள்ள நெய்வேலியில் 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, நிலக்கரிப் படிவத்தை எட்டுவதற்காக மேல் மண்ணை அகழ்ந்தபோது, பீங்கானுக்கு உகந்த களிமண்ணும் அதனோடு கூடவே கிடைத்தது. அந்தக் களிமண்ணை ஆதாரமாகக் கொண்டு, அரசினர் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் கல்விக்கூடமும், சிறிதும் பெரிதுமான சூளைகளும் இங்கே நிலைபெற்றன. மின்சார ஃபியூஸ் கட்டைகளும், கழிப்பறைக் கோப்பைகளும், ஜாடிகளும், பொம்மைகளும் இங்கிருந்து நாலா திசைகளிலும் செல்லுகின்றன. ரயில்பாதைகள் நான்கு திக்குகளிலிருந்தும் வந்து கூடும் சந்திப்பாக ஊர் இருந்தபோதிலும், கிடங்கிலிருந்து சூளைக்கும் சூளையிலிருந்து கடைக்கும் நடை அடிப்பவை சிறிய லோடு வண்டிகளே. 2005-இல் டாடா கம்பெனி வெளியிட்டு, நம் மக்கள் குட்டி யானை என்று பெயரிட்டழைத்த ஏஸ் வண்டியும், மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பும், ஓசூரிலிருந்து 2011 முதல் வெளிவந்த அசோக் லேலண்டின் தோஸ்த்தும் இந்த வேலைக்கென்றே பிறந்தவை.

எண்ணெய் எப்போது கெடுகிறது என்று அறிவதற்கு முன், அது கெடாதிருக்கும்போது என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசாதபடி வழவழப்பைத் தருவது என்று சொன்னால் அது பாதி விடையே. 1883-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் பூஷாம்ப் டவர் என்னும் பொறியியலாளர், ரயில் வண்டிகளின் அச்சுத் தாங்கிகளில் உராய்வை அளந்து பரிசோதித்துக் கொண்டிருந்தபோது, தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக அத்துளை வழியாக மேலே பொங்கி வந்தது. துளையை மரத்தக்கையால் அடைத்தபோது தக்கையே வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குறுகிய இடைவெளிக்குள் புகுத்த, அங்கே பெரும் அழுத்தம் தானாகவே உண்டாகி, வண்டியின் பாரம் முழுவதையும் அந்தத் திரவப் படலமே தாங்கி நிற்கிறது என்பது இதனால் புலப்பட்டது. மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1886-இல் இதற்குரிய கணித சாஸ்திரத்தை வகுத்தளித்தார். மழை நாளில் வேகமாகப் போகும் வண்டியின் டயர், சாலையை விட்டெழும்பி நீர்ப்படலத்தின்மேல் மிதப்பதைக் கண்டிருக்கிறோமே, அதே நியாயந்தான் கிராங்க் அச்சை அதன் பேரிங்கில் மிதக்க வைக்கிறது. சாலையில் ஆபத்தாவது இன்ஜினுக்குள் ரக்ஷையாகிறது.

இந்தப் படலத்தின் கனம் எவ்வளவு என்று கேட்டால் வியப்பு உண்டாகும். தலைமயிர் ஒன்றின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 70 பங்கு. ஓடும் இன்ஜினில், பாரம் மிகுந்த கணத்தில் பேரிங்கின் எண்ணெய்ப் படலம் ஒரு சில மைக்ரானாகச் சுருங்கிவிடும். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் இடையே, பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும் இடங்களில், அதனினும் மெலிந்துபோகும். ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமதியுள்ள உலோகப் பாகங்கள் எல்லாம் இந்தச் சூக்ஷ்மமான படலத்தை நம்பியே இயங்குகின்றன. அது அறுந்துபோகாமல் நிற்பதற்கு எண்ணெய் தக்க பிசுபிசுப்போடு இருக்க வேண்டும். அதற்குள் அன்னியப் பதார்த்தம் எதுவும் இருத்தலாகாது. எண்ணெய் மாற்றுவது பற்றிய சாஸ்திரம் முழுவதும் இந்த இரண்டு நிபந்தனைகளின் விரிவுரையே.

முதல் நிபந்தனையைக் குலைப்பவற்றுள் தலையானது உஷ்ணம். எண்ணெயின்மீது ஆக்சிஜன் நிகழ்த்தும் ரசாயன மாற்றம், உஷ்ணம் 10 டிகிரி ஏறுந்தோறும் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது அனுபவத்தில் கண்ட விதி. ஆகவே, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிச் சித்திரை வெயிலில் இரண்டாம் கியரில் முனகிச் செல்லும் வண்டியின் எண்ணெய், அதே தூரத்தைச் சீராக ஓடிய வண்டியின் எண்ணெயைவிடப் பன்மடங்கு விரைவாக முதுமை அடைகிறது. டப்பாவின்மேல் 15டபிள்யூ-40 என்று அச்சிட்டிருப்பதில், முன்னே நிற்கும் 15 என்பது குளிர்தேசத்துக் காலைப்பொழுதைக் கருதியது. விருத்தாசலத்தாருக்கு அதனால் பெரும் பிரயோஜனம் இல்லை. பின்னே நிற்கும் 40 என்பதுதான், இன்ஜின் சூடேறிய நிலையில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லுவது. அந்தக் கெட்டித்தன்மையைக் காப்பதற்காகச் சேர்க்கப்படும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், இன்ஜினின் குறுகிய இடைவெளிகளில் ஓயாமல் நசுங்கி அறுபடுவதால், நாளடைவில் எண்ணெய் இளகுகிறது. ஆக்சிஜன் சேர்க்கையோ அதைத் தடிக்கச் செய்கிறது. எது முந்தும் என்பது வண்டி செய்யும் வேலையைப் பொறுத்தது.

எரிபொருளிலிருந்து வந்து சேரும் கசடுகள் வேறு. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவு நீர் ஆவி வடிவில் பிறக்கிறது என்பதைப் பலர் அறியார். அதில் மிகப்பெரும் பகுதி புகைக்குழாய் வழியே போய்விடினும், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவோடு சிறிதளவு சம்ப்பை அடைகிறது. நீண்ட ஓட்டத்தில் இன்ஜின் நன்றாகச் சூடேறி இந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓடி அணைப்பதும், பின்பு ஒரு கிலோமீட்டர் ஓடி அணைப்பதுமாக நாளைக் கழிக்கும் வண்டியில் அந்த ஈரம் உள்ளேயே தங்கி, அமிலங்களுக்குத் துணைபோகிறது. அந்த அமிலங்களுள் முக்கியமானது டீசலில் உள்ள கந்தகத்தால் விளைவது. 2000-ஆம் ஆண்டின் விதிப்படி நம் நாட்டு டீசலில் பத்து லட்சத்தில் 2,500 பங்கு வரை கந்தகம் இருக்க இடமிருந்தது. படிப்படியாகக் குறைந்து, 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதியின்கீழ் அது வெறும் 10 பங்கு. முந்தைய தலைமுறை மெக்கானிக்குகள் ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டவிடாமல் எண்ணெய் மாற்றியது மூட வழக்கமன்று. அமிலத்தை முறிப்பதற்காக எண்ணெயில் சேர்த்திருக்கும் காரப்பொருள் அந்நாளைய டீசலில் விரைவில் தீர்ந்துபோயிற்று. டீசல் சுத்தமானதே, கம்பெனிப் புத்தகங்களில் எண்கள் பெருகியதற்கு ஒரு முக்கிய காரணம்.

புகைக்கரியைப் பற்றி ஒரு பிழையான அபிப்பிராயத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகையால் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வோர் பலர். டீசல் இன்ஜினில் புதிய எண்ணெய் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே கறுத்துவிடும். கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகவிடாமல், தனித்தனியே மிதக்கவைத்துத் தாங்கிநிற்கும் பொருள்கள் எண்ணெயில் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதற்கே அக்கறுப்பு அடையாளம். கவலைப்பட வேண்டியது அந்தத் தாங்கும் சக்தி தீரும்போதுதான். அதைக் கண்டறிய ஒரு பழைய, செலவில்லாத உபாயம் உண்டு: சூடான எண்ணெயில் ஒரு சொட்டை உறிஞ்சு தாளில் விட்டுச் சில மணி நேரம் வைத்தால், நல்ல எண்ணெய் சீராகப் படர்ந்து சாம்பல் நிற வட்டமாகும், சக்தி இழந்த எண்ணெயோ, நடுவில் கரேலென்ற திட்டாகக் கரியை விட்டுவிட்டு, வெளியே எண்ணெய் மட்டும் படரும். இந்தச் சோதனை கரியைக் காட்டும். விருத்தாசலத்து வண்டிகளின் பிரதான சத்துருவைக் காட்டாது.

அந்தச் சத்துரு தூசி. எல்லாத் தூசியும் ஒன்றன்று. 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிம சாஸ்திரி வகுத்த கடினத்தன்மையின் வரிசையில், மாக்கல் 1, வைரம் 10. பீங்கானின் பிரதான மூலப்பொருளாகிய வெண்களிமண் இவ்வரிசையில் 2 அல்லது 2½ என்னும் இடத்தில் நிற்பது. நகத்தால் கீறினால் கீறுபடும் மென்மையான வஸ்து. ஆனால் பீங்கான் என்பது களிமண் மட்டும் அன்று. சூளையில் உருகிப் பிணைக்கும் ஃபெல்ட்ஸ்பார் 6. உருவம் குலையாமல் தாங்கும் எலும்புக்கூடாக நிற்கும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் 7. பதப்படுத்திய எஃகின் கடினம் ஏறக்குறைய ஆறரை. லைனரின் வார்ப்பிரும்பு அதற்கும் கீழே. ஆகவே, களிமண் லோடு ஏற்றும் வண்டியைவிடப் படிகக்கல் மாவு ஏற்றும் வண்டிக்கும், உடைந்த பீங்கானை அரைத்துக் கலக்கும் முற்றத்தில் நிற்கும் வண்டிக்குமே அபாயம் அதிகம். ஆற்று மணல் யுகக்கணக்காக உருண்டு முனை மழுங்கியது. ஆலையில் உடைத்தரைத்த படிகக்கல் துகளோ, ஒவ்வொன்றும் புதிதாய்த் தீட்டிய கூர்விளிம்போடு பிறப்பது.

இந்தத் துகள் இன்ஜினுக்குள் எப்படிப் போகிறது? இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு டீசல் இன்ஜின், இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உறிஞ்சுகிறது. நிமிஷத்துக்கு 2,000 சுழற்சி என்றால் நிமிஷத்துக்கு 2,500 லிட்டர். மணிக்கு 150 கன மீட்டர். டர்போ இருக்குமானால் இதற்கும் மேல். கன மீட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் தூசி உள்ள காற்று என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 150 மில்லிகிராம் தூசி ஏர் ஃபில்டரின் வாசலை வந்து தட்டுகிறது. மண் லோடு கொட்டும் முற்றத்தில் தூசி அதைவிடப் பல மடங்காகும். நல்ல காகித ஃபில்டர், வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் தடுத்துவிடும். ஆனால் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, அதன் கிளிப் தளர்ந்திருந்தாலோ, அந்த இடுக்கு வழியே போகும் தூசியைத் தடுப்பார் இல்லை. லைனர் தேய்ந்து, புகை கக்கி, ஆயில் குடிக்கத் தொடங்கிய பிறகு இன்ஜினைப் பிரித்துப் போர் வேலை செய்ய நேரும்போது, சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய அந்தக் கிளிப்பை எவரும் நினைப்பதில்லை.

ஃபில்டரைச் சுத்தம் செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதிய காகித ஃபில்டரைவிடச் சிறிது நாள் உழைத்த ஃபில்டர் நுண்துகளை மேலும் நன்றாகப் பிடிக்கிறது. ஏனெனில் அதன்மேல் படிந்த மெல்லிய தூசிப் படலமே இன்னொரு சல்லடையாகிவிடுகிறது. ஆதலின், தினந்தோறும் பஞ்சர் கடையில் கம்பிரஸர் காற்றை வேகமாகப் பீய்ச்சி ஊதுவது, அக்கறையுள்ள செயலாகத் தோன்றினும், உண்மையில் கேடு விளைப்பது. அதிக அழுத்தத்தில் காகிதத்தின் நார்கள் கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் விழுகின்றன. வெளியிலிருந்து உள்நோக்கி ஊதினாலோ, தூசி காகிதத்துக்குள்ளேயே அறையப்படுகிறது. ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளிநோக்கி, மென்மையாக. உரிய காலம் வந்ததும் புதிதாக மாற்றிவிடுவதே உத்தமம். ஃபில்டரைக் கழற்றும்போது அதன் கூட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டுமேயன்றி, உள்ளே தட்டிவிடலாகாது. டிப் ஸ்டிக்கை இழுத்து, தூசி படிந்த கந்தையால் துடைத்து, மறுபடி செருகுவதும், மூடியின்றிக் கிடந்த புனலால் எண்ணெய் ஊற்றுவதும் அதே குற்றத்தின் வேறு வடிவங்கள்.

உள்ளே புகுந்த துகளில் எந்த அளவுள்ளது மிகுந்த நாசம் செய்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மர்மம். படலத்தைவிட மிகப் பெரிய துகள் இடுக்கினுள் நுழையமாட்டாது. மிகச் சிறியது எதையும் தொடாமல் எண்ணெயோடு மிதந்து போய்விடும். படலத்தின் கனத்துக்கு ஏறக்குறைய சமமான துகளே இரண்டு பரப்புகளையும் ஒருங்கே தொட்டு உழுகிறது. படலமோ சில மைக்ரான். சாதாரண ஆயில் ஃபில்டர் நம்பகமாகப் பிடிப்பதோ 20 மைக்ரானும் அதற்கு மேற்பட்டதும். ஆக, ஐந்து முதல் பதினைந்து மைக்ரான் வரையுள்ள துகள்கள் ஃபில்டரைத் தாண்டிப் போய், வெட்டி, மறுபடியும் வந்து, மறுபடியும் வெட்டுகின்றன. பேரிங்கின் மென்மையான மேற்பூச்சில் சில துகள்கள் பதிந்துவிடும்படி அமைத்திருப்பது ஓரளவு தற்காப்பு. அளவு மீறினால், பதிந்த துகள்களே அச்சைக் கீறும் அரமாகும். இந்தத் துகள்களை இன்ஜினிலிருந்து வெளியேற்றச் சாதாரண வண்டியில் ஒரே ஒரு வழிதான் உண்டு: டிரெயின் போல்ட்டைக் கழற்றி, அவை மிதக்கும் எண்ணெயையே வெளியேற்றிவிடுவது. இதனாலேயே தூசி நிறைந்த ஊரில் எண்ணெயின் ஆயுள் சுருங்குகிறது. எண்ணெய் பழையதாகிவிட்டது என்பதால் அல்ல, அது சுமந்து நிற்கும் சரக்கினால்.

அந்த முற்றத்தில் மூச்சுவிடும் மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இன்ஜினை அறுக்கும் அதே படிகக்கல் தூசியைச் சுவாசிப்பவரின் நுரையீரலில் சிலிக்கோஸிஸ் என்னும் மாறாத தழும்பு விழுகிறது. கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களுள் அதையும் சட்டம் சேர்த்திருக்கிறது. வண்டிக்கு ஃபில்டர் மாற்றும் முதலாளி, லோடு இறக்குபவருக்குத் தக்க முகக்கவசம் தருவதும், கொட்டுமுன் மண்ணை நனைப்பதும் ஒரே அறிவின் இரண்டு கிளைகள்.

எண்ணெய்க்குள் மணல் இருப்பதைக் கண்ணால் காண முடியாதெனில், வேறெப்படிக் காண்பது? 1940-களில் அமெரிக்காவின் டென்வர் - ரியோ கிராண்டே ரயில்வேக் கம்பெனியார், டீசல் இன்ஜின்களின் எண்ணெயை நிறமாலை முறையில் பரிசோதித்து, இன்ஜினைப் பிரிக்காமலேயே அதன் தேய்மானத்தை அறியும் வழியைக் கண்டனர். ஒவ்வொரு தனிமமும் மிகுந்த உஷ்ணத்தில் தனக்கே உரிய நிறங்களில் ஒளிரும். எண்ணெய்ச் சொட்டை மின்பொறியில் எரித்து, அந்த ஒளியைப் பகுத்தால், எந்த உலோகம் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இரும்பு மிகுந்தால் லைனர், குரோமியம் மிகுந்தால் ரிங், செம்பும் காரீயமும் மிகுந்தால் பேரிங். சிலிக்கன் மிகுந்தால் மண். சிலிக்கனோடு அலுமினியமும் கூடியிருந்தால் களிமண்ணின் சாட்சியம் உறுதிப்படுகிறது. களிமண் என்பது அவ்விரண்டின் சேர்க்கைதானே. இதில் ஒரு ஜாக்கிரதையும் வேண்டும்: புதிதாக இன்ஜின் வேலை செய்த வண்டியில், மூட்டுக்குப் பூசிய சிலிக்கோன் பசையிலிருந்தும் சிலிக்கன் வரக்கூடும், அப்போது இரும்பு ஏறாமல் சிலிக்கன் மட்டும் ஏறும். நம் ரயில்வேயின் டீசல் பணிமனைகளிலும் இம்முறை நெடுங்காலமாக அனுஷ்டானத்தில் இருந்து வருகிறது. ஒற்றை வண்டிக்காரருக்கு இது எட்டாத காரியமாகலாம். பத்து வண்டி வைத்திருப்பவர், வடித்த எண்ணெயில் ஒரு சிறு புட்டியை ஆண்டுக்கொருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பினால், தம் வண்டிகளுக்குப் பொருந்தும் கெடுவை ஊகத்தால் அன்றிப் பிரமாணத்தால் நிர்ணயிக்கலாம்.

இனி, மீட்டர் மறைக்கும் இன்னொரு கணக்கு. சூளை வாசலில் லோடு ஏறும்வரை இன்ஜினை அணைக்காமல் நிறுத்திவைக்கும் வழக்கம் இங்கே சாதாரணம். செல்ஃப் மோட்டார் சரியில்லை, பேட்டரி இறங்கிவிட்டது என்று அதற்குச் சமாதானமும் உண்டு. சக்கரம் சுழலாததால் மீட்டர் ஏறாது. இன்ஜினோ ஓடிக்கொண்டே, சூடு போதாத நிலையில் அரைகுறையாக எரிந்த டீசலையும் கரியையும் சம்ப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நின்றபடி ஒரு மணி நேரம் ஓடுவது சுமார் 40 கிலோமீட்டர் பிரயாணத்துக்குச் சமானம் என்று கொள்வது ஒரு கணக்கு. மாதம் 1,200 கிலோமீட்டர் மட்டுமே நகர்ந்து, 60 மணி நேரம் நின்றபடி ஓடும் ஒரு வண்டியை எண்ணிப் பாருங்கள்: 60 மணிக்கு 2,400, நகர்ந்தது 1,200, ஆக 3,600. மூன்று மாதத்தில் மீட்டர் 3,600 என்று காட்டும். எண்ணெயோ 10,800 கிலோமீட்டர் உழைத்திருக்கும். வருஷத்துக்கொருமுறை மாற்றினால் போதும், வண்டி அதிகம் ஓடவில்லையே என்று அந்த உரிமையாளர் நிம்மதியாக இருப்பார்.

எனவே விருத்தாசலத்தாருக்குச் சொல்லக்கூடிய விடை ஓர் எண் அன்று. விருத்தாசலத்தில் லோடு ஏற்றி, உளுந்தூர்ப்பேட்டை வழியே நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்னைக்கும் திருச்சிக்கும் போய் வரும் வண்டிக்கு, ஏர் ஃபில்டர் குறையின்றி இருக்குமானால், கம்பெனிப் புத்தகத்தின் கெடு முற்றிலும் பொருந்தும். அதற்கு முன் மாற்றுவது பணத்தை மண்ணில் போடுவதே. ஊருக்குள்ளேயே மண்ணும் படிகக்கல்லும் சுமந்து, நின்றும் ஓடியும் நாளைக் கழிக்கும் வண்டிக்கோ, அதே புத்தகத்தில் கடின உபயோகம் என்று சொல்லப்படும் நிலை நாள்தோறும் வாய்த்திருக்கிறது. அதற்குப் புத்தகக் கெடுவில் பாதி, அல்லது நான்கு மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அது என்பது என் தீர்மானம். பழைய மாதிரி டீசல் இன்ஜினில் சாதாரணக் கனிம எண்ணெய் இட்டிருப்பவர் ஐயாயிரத்தைத் தாண்டாதிருப்பது நலம். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரில் தேங்கிய அழுக்கெண்ணெய் புதியதை முதல் நாளே கெடுத்துவிடும்.

பி.எஸ். 6 வண்டிக்காரர் இரண்டு விஷயங்களில் கூடுதலாக விழிப்போடிருக்க வேண்டும். எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் எண்ணெயே அவ்வண்டிகளின் புகைக்குழாயிலுள்ள கரி வடிகட்டிக்கு உகந்தது; விலை மலிவு என்று பழைய வகையை ஊற்றினால், அதன் சாம்பல் வடிகட்டியை நிரந்தரமாக அடைத்துவிடும். மேலும், அந்த வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பதற்காக இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலுத்துகிறது. அந்த வேலை முடியுமுன் வண்டியை அணைத்து அணைத்து ஓட்டினால், எரியாத டீசல் லைனர் வழியே வழிந்து எண்ணெயில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறையவில்லை, ஏறியிருக்கிறது என்றால் மகிழ்ச்சி கொள்ளலாகாது. டீசல் கலந்து இளகிய எண்ணெய் அது, கெடு எவ்வளவு பாக்கி இருந்தாலும் உடனே மாற்றத்தக்கது.

வண்டிக்கு வண்டி மூன்று முதல் ஏழு லிட்டர் வரை வடியும் பழைய எண்ணெய் எங்கே போகிறது என்பதும் இந்த அத்தியாயத்தின் பகுதியே. சென்டரிங் பலகைக்குப் பூசவும், கதவுக்கும் தூணுக்கும் கறையான் மருந்தாகத் தடவவும் அதை வாங்கிப் போகிறார்கள். எஞ்சியது சாக்கடை வழியே மணிமுத்தாற்றைச் சேருகிறது. எரிந்த கரியிலிருந்து பிறந்த, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பல சேர்மங்களும் தேய்ந்த உலோகமும் அதில் கரைந்திருக்கின்றன. வெறுங்கையால் அதைத் துழாவும் ஒர்க் ஷாப் பையன்களுக்குக் கையுறை வாங்கித் தர வேண்டியது முதலாளியின் கடமை. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், உபயோகித்த எண்ணெயைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டுமென்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெய் உற்பத்தி செய்வோரும் தாம் விற்றதற்கு ஈடாகப் பழைய எண்ணெய் மீட்கப்படுவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் அமலில் இருக்கிறது. எண்ணெய் தன் மூல வடிவில் அழிவதில்லை, அழுக்கடைகிறது, அவ்வளவே. சுத்திகரித்தால் மீண்டும் புதிய எண்ணெய்க்கு அடிப்படையாகும். ஆகவே விருத்தாசலத்து வண்டி உரிமையாளர்களையும் மெக்கானிக்குகளையும் கேட்டுக்கொள்வது இது: வடித்த எண்ணெயைத் தண்ணீரோ டீசலோ கலவாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ரசீது பெற்றுக் கொடுங்கள், ஒரு சொட்டும் மணிமுத்தாற்றுக்குப் போக விடாதீர்கள்.